ஐயத்துக்கு ஓர் அளவு

கடந்த மழைக்காலத்தில் ஒருநாள், மஃரிபு தொழுகைக்குப் பின்னர், நம் பழைய மாணவர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு நம் இல்லம் வந்தார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வாகனங்கள் வாரி இறைத்த சேறு அவருடைய கைலியின் கரையில் அப்பியிருந்தது. அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறியதொரு லேத் பட்டறை நடத்துகிறவர். மகனுக்கு வயது பத்தொன்பது; ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பயில்கிறான். ஸலாம் கூறி அமர்ந்ததும் தந்தை சொன்ன முதல் வார்த்தை, "ஹஜ்ரத், இவனுக்குக் கொஞ்சம் ஓதிப் பார்க்க வேண்டும்" என்பதாகும்.

என்ன நோயென்று வினவினோம்.

"நோய் என்று சொல்ல முடியவில்லை, ஹஜ்ரத். ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். விளையாடினாலாவது பரவாயில்லை என்று விட்டுவிடுவேன். விளையாடுவதும் இல்லை. ஒரு சிவப்புக் கோடு வருகிறதா, வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறான்."

பையன் தலைகுனிந்திருந்தான். முகத்தில் தூக்கமின்மை தெரிந்தது. கேட்டபடியே ஓதினோம். ஓதிய அத்தியாயங்களில் இறுதியானது 'நாஸ்' என்னும் அத்தியாயம். மனிதரின் நெஞ்சங்களில் ஊசலாட்டத்தை ஊட்டுகிறவனிடமிருந்து காவல் தேடுகிற அத்தியாயம் அது. நாவு ஓதிக்கொண்டிருக்கையிலேயே நம் மனம் வேறோர் இடத்துக்குப் போயிற்று. அதைப் பின்னர்ச் சொல்வோம். ஓதி முடித்ததும், "வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உன் வீட்டுக்கு வருகிறோம், அந்தச் சிவப்புக் கோட்டை எமக்குக் காட்டு" என்றோம். பையன் நிமிர்ந்து பார்த்தான். ஏச்சை எதிர்பார்த்து வந்தவன் போலும்.

(கணினியில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவது கூடுமா, கூடாதா என்ற வினாவை இங்கே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அதைக் கேட்டு எழுதுகிறவர்களுக்கு வேறொரு சமயம் விடை சொல்வோம்.)

வெள்ளிக்கிழமை சென்றோம். துபாயில் பணிபுரியும் தாய்மாமன் அனுப்பிய பணத்தையும், விடுமுறைகளில் தான் உழைத்துச் சேர்த்ததையும் கொண்டு, சென்னை ரிச்சி தெருவில் உறுப்பு உறுப்பாக வாங்கிவந்து தன் கையாலேயே பையன் பூட்டிய கணினி அது. அதனை அவன் விளக்கியபோது முகம் மலர்ந்தது. அவன் ஆடும் விளையாட்டு, 2020 ஜூனில் வெளிவந்த 'வாலரண்ட்' என்பது. அதன் தலைமைக் கணினிகள் இந்தியாவைப் பொறுத்தவரை மும்பையில் உள்ளன. இங்கே விசையை அழுத்தினால் செய்தி மும்பை சென்று திரும்ப வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. மும்பையோ நேர்கோட்டிலேயே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே, எத்தனை பணம் கொடுத்தாலும் போய்வர 10 மில்லி விநாடிக்குக் குறையாது. இழைகள் வளைந்து செல்வதாலும் நடுவில் நிலையங்கள் இருப்பதாலும் அவன் திரையில் 30-ஐ ஒட்டியே எண் காட்டிற்று. இதனை 'பிங்' என்கின்றனர். இதில் அவனுக்குக் குறையில்லை.

அவனுடைய கவலை வேறு. கம்பியிலே நிகழும் தாமதம் ஒன்று. கணினிக்கு உள்ளேயே நிகழும் தாமதம் மற்றொன்று. பின்னதை அவன் விளக்கியபோது நமக்கு நம் வகுப்பறையே நினைவுக்கு வந்தது. நாம் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம். வாசலில் ஒருவர் வந்து, 'ஹஜ்ரத்' என்று அழைக்கிறார். பாடத்தை நிறுத்தி, என்ன செய்தி என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு, 'சற்றுப் பொறுங்கள்' என்று சொல்லித் திரும்புகிறோம். பின்னர் ஓர் இடைவேளையில் அவருடைய காரியத்தை முடித்துக் கொடுக்கிறோம். விசைப்பலகை, வலைத்தொடர்பு, ஒலி, படம் ஆகிய ஒவ்வொன்றும் இவ்வாறே கணினியின் மூளையை வாசலில் நின்று அழைக்கின்றன. அவற்றின் சார்பில் பேசும் சிறு நிரல்களுக்கு 'டிரைவர்' என்று பெயர். அவற்றுள் ஏதேனும் ஒன்று வந்த காரியத்தை முடிக்காமல் பேசிக்கொண்டே நின்றுவிட்டால், அவ்வளவு நேரம் பாடம் காத்திருக்கும். இந்தக் காத்திருப்பை அளந்து காட்ட 'லேட்டன்சிமான்' என்றொரு நிரல் இருக்கிறது. காத்திருப்பு குறைவாயின் கோடு பச்சை. ஓர் எல்லையைத் தாண்டினால் சிவப்பு.

அவன் கணினியில் பெரும்பாலான கோடுகள் 200 மைக்ரோ விநாடிக்குள் அடங்கிக் கிடந்தன. மணிக்கு மூன்று நான்கு முறை மட்டும் ஒரு கோடு 1,300-க்குத் தாவியது. அதுதான் அந்தச் சிவப்புக் கோடு.

ஆயிரம் மைக்ரோ விநாடி சேர்ந்தது ஒரு மில்லி விநாடி. ஆகவே பையனின் இரவுத் தூக்கத்தைக் கொண்டுபோனது, ஒன்றேகால் மில்லி விநாடியைச் சற்றே கடந்த ஒரு தாமதம். அவனுடைய திரை விநாடிக்கு 144 முறை படத்தை மாற்றுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 6,900 மைக்ரோ விநாடி இருக்கிறது. மும்பையிலுள்ள தலைமைக் கணினியோ விநாடிக்கு 128 முறைதான் உலகை எடுத்துப் பார்க்கிறது. அதன் ஒரு பார்வைக்கும் மறு பார்வைக்கும் இடையே 7,800. இந்த இடைவெளிகளுக்குள் அவனுடைய 1,300 ஓசையின்றி வந்து போய்விடும். மேலும், அந்த நிரல் முதன்மையாக ஆக்கப்பட்டது, அக்கணமே ஒலியைப் பதிந்து அக்கணமே கேட்க வேண்டியவர்களின் கணினி அதற்கு ஏற்றதா என்று சோதிப்பதற்காக. விண்டோஸ் என்னும் இயங்குதளமும், 'இந்தக் கணத்துக்குள் செய்தே தீருவேன்' என்று வாக்குக் கொடுக்கும் வகையைச் சேர்ந்ததன்று. கொடுக்கப்படாத வாக்கு மீறப்பட்டதாக இவன் துன்புற்றுக்கொண்டிருந்தான்.

இந்தக் கணக்கை அவனே நமக்குப் போட்டுக் காட்டினான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அறியாமையால் வந்த கவலை அன்று அது. எல்லாம் தெரிந்திருந்தும், அவன் டிரைவர்களை மாற்றினான். மின் சிக்கன ஏற்பாடுகளை அணைத்தான். விண்டோஸை முழுவதும் அழித்து மீண்டும் பதிந்தான். ஒரு நாள் பச்சையாக இருக்கும். மறுநாள் ஒரு சிவப்பு. மீண்டும் அழிப்பான். இவ்வாறு மூன்று முறை!

"விளையாடும்போது படம் நின்றதா? ஒலி தடைப்பட்டதா?" என்று கேட்டோம்.

"இல்லை, ஹஜ்ரத். ஆனால் தோற்கும்போதெல்லாம், இப்போது சிவப்பு வந்திருக்குமோ என்று தோன்றுகிறது."

"வெல்லும்போது?"

பதில் சொல்லாமல் சிரித்துவிட்டான்.

அதற்குள், தேநீர்க் குவளையுடன் வந்த அவன் தாயார் திரைக்கு அப்பால் நின்று ஒரு செய்தி சொன்னார்கள். இரவு ஒன்பது மணிக்கு அவர்கள் துபாயிலுள்ள தம் தம்பியுடன் முகம் பார்த்துப் பேசுவது வழக்கம். அந்நேரத்தில்தான் பையனும் கணினியைத் திறப்பான். அம்மா பேசுவதால்தான் தாமதம் வருகிறது என்று அவன் வருத்தப்பட்டதால், நான்கு மாதமாக அவர்கள் பேசுவதை நிறுத்திவிட்டார்களாம். "தம்பிக்கு வேலை முடிகிற நேரமே அதுதான், ஹஜ்ரத்" என்றார்கள். குறை சொல்லும் குரலாக அது இல்லை. அதனாலேயே நமக்குச் சுருக்கென்றது.

அப்போதே சோதித்தோம். தாயாரைப் பேசச் சொல்லி அரைமணி நேரம். பேசாமல் அரைமணி நேரம். சிவப்புக் கோடு இரண்டிலும் வந்தது. வீட்டில் ஒருவர் பெரிய கோப்புகளை ஏற்றினால், ரவுட்டரில் வரிசை நீண்டு பிங் ஏறும் என்பது மெய்தான். ஆனால் அது கம்பியின் தாமதம். பையன் பார்த்துக்கொண்டிருந்ததோ கணினியின் உள்ளே நிகழ்வது. தன் இயந்திரத்தின் உள்ளே இருந்த ஒன்றுக்கு, வெளியே இருந்த தாயைக் காரணமாக்கியிருந்தான்.

ஓதும்போது நம் மனம் எங்கே போயிற்று என்று இப்போது சொல்கிறோம். நமக்குப் பதினேழு வயது. ஒரு மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தோம். ஒளுச் செய்வதற்காக ஹவ்ளின் கரையில் உட்கார்ந்தால் எழ மனம் வராது. முழங்கைக்குக் கீழே ஊசிமுனையளவு இடம் நனையாமல் போயிற்றோ? மீண்டும் கழுவுவோம். அதற்குள் முகம் கழுவியது ஐயமாகிவிடும். ஜமாஅத்தில் முதல் ரக்அத் தவறும். பின்பு இரண்டாவதும் தவறும். நமக்குப் பின்னால் இடத்துக்காகக் காத்து நிற்கும் சிறுவர்களைக் கண்டு எரிச்சல் வரும், அவர்கள் தெறிக்கும் நீர்தான் நம்மைக் கெடுக்கிறதென்று. உஸ்தாத் அவர்கள் பல நாள் பார்த்திருந்துவிட்டு, ஒரு சிறிய மண்கலயத்தைக் கொண்டுவந்து நம் கையில் கொடுத்தார்கள். "இது ஒரு முத் கொள்ளும். நாளை முதல் உனக்கு இவ்வளவுதான் தண்ணீர். தீர்ந்ததும் எழுந்து போய்த் தொழு. விட்டுப்போனதாக உனக்குத் தோன்றுவதற்கெல்லாம் நான் பொறுப்பு" என்றார்கள். முதல் வாரம் தொழுகையில் நின்றுகொண்டு அழுதோம். எப்போது அழுகை நின்றதென்று நினைவில்லை.

முத் என்பது நடுத்தர மனிதர் ஒருவரின் இரண்டு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் நீரில் ஒளுச் செய்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அக்கலயத்தின் பின்னால் இந்தச் செய்தி இருந்தது என்பது நமக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

இந்த நோய்க்கு அரபியில் 'வஸ்வாஸ்' என்று பெயர். அகராதியில் அச்சொல்லின் ஒரு பொருள், அணிகலன்கள் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் மெல்லொலி. எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியாது. ஆனால் காதை விட்டும் போகாது. பெயர் எவ்வளவு பொருத்தம்! ஹிஜ்ரி 322-இல் மறைந்த பல்க் நகரத்து அறிஞர் அபூ ஸைத் (ரஹ்), உடல்நலத்தையும் மனநலத்தையும் சேர்த்து எழுதிய நூலில், சினம், அச்சம், துயரம் ஆகியவற்றோடு வஸ்வாஸையும் மனநோய்களின் வரிசையில் வைத்து மருந்து ஆராய்ந்தார். ஹிஜ்ரி 620-இல் மறைந்த இப்னு குதாமா (ரஹ்) அவர்களோ, ஊசலாட்டக்காரர்களைக் கண்டிப்பதற்கென்றே தனி நூல் ஒன்று எழுதினார்கள். ஆயிரம் ஆண்டுகளாக அறிஞர்களுக்கு வேலை கொடுத்துவரும் நோய் இது. முன்பு ஹவ்ளின் கரையில் பிடித்தது. இப்போது கணினித் திரையில் பிடிக்கிறது.

சட்ட அறிஞர்கள் இதற்கு இட்ட வேலி, உறுதியாக அறிந்தது ஐயத்தால் நீங்காது என்னும் விதியாகும். தொழுகையில் ஏதோ நிகழ்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது என்று முறையிட்டவரிடம், ஓசையோ வாடையோ இல்லாமல் தொழுகையை விட்டுத் திரும்ப வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதிலிருந்து கிளைத்தது அது. தொழுகைக்குள் ரக்அத்தின் எண்ணிக்கை ஐயமானால், குறைந்ததை எடுத்துக்கொண்டு தொடர்ந்து, இறுதியில் இரண்டு ஸஜ்தாச் செய்ய வேண்டும். ஆனால் ஸலாம் கொடுத்த பிறகு வரும் ஐயத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. கதவு அடைக்கப்பட்டுவிட்டது! ஷாஃபிஈ சட்ட நூல்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. நஜீஸின் துளி, நடுத்தரப் பார்வை உடையவரின் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியதாயின் அது மன்னிக்கப்பட்டது. மழைக்காலத்துத் தெருச் சேறும், தவிர்க்க இயலாத அளவில், அவ்வாறே. நம் மாணவர் கைலியில் அப்பிய பூந்தமல்லிச் சேற்றோடு பள்ளிவாசலில் தொழுதுவிட்டுத்தான் நம் இல்லம் வந்தார்.

இங்கே நம் சிந்தனையை நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. கண்ணுக்குப் புலப்படாதது என்றார்களே தவிர, இத்தனை நூலளவு என்று அவர்கள் சொல்லவில்லை. முத் இரண்டு கைகளின் அளவு. முழமும் சாணும் அவ்வாறே. குர்ஆன் ஓதும் முறை கற்பிக்கும்போது, நீட்டி ஓத வேண்டிய எழுத்துகளின் கால அளவை, விரலை மடக்கி நீட்டும் நேரத்தைக் கொண்டே இன்றும் சொல்லிக்கொடுக்கிறோம். தமிழிலோ, எழுத்தின் மாத்திரைக்குக் கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் தொல்காப்பியர் அளவாக வைத்தார். அரபி, தமிழ் இரண்டும் காலத்தை அளக்க மனித உடலையே நாடின. ஒரு கண்ணிமைப்பு நூறு மில்லி விநாடிக்கு மேல் ஆகும். பையனின் சிவப்புக் கோடு அதில் எழுபதில் ஒரு பங்குகூட இல்லை.

அதனால் நுண்ணிய அளவுகள் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. கண் காணாத கிருமியை நுண்ணாடி காட்டியதால் எத்தனை உயிர்கள் பிழைத்தன! கருவி நம் புலனைக் கடந்து செல்லலாம். ஆனால் எந்த எண் வரை பொறுக்கலாம் என்பதைக் கருவி சொல்லாது. பச்சை, சிவப்பு என்று அது காட்டும் எல்லையும் வேறொருவர் வேறொரு தேவைக்காக வைத்ததே. பொறுக்கும் அளவை, எதற்காக அளக்கிறோம் என்று அறிந்தவர்தாம் முன்கூட்டியே குறிக்க வேண்டும். அதைக் குறிக்காமல் அளக்கத் தொடங்குகிறவருக்கு ஒவ்வோர் எண்ணும் குற்றச்சாட்டாகவே வந்து சேரும்.

பையன் இலேசானவன் அல்லன். "ஹஜ்ரத், மார்க்கத்தில் பேணுதல் நல்லதுதானே? நான் பேணுதலாக இருக்கிறேன் என்று ஏன் சொல்லக் கூடாது?" என்று மடக்கினான்.

நல்ல கேள்வி. பேணுதலுக்கும் வஸ்வாஸுக்கும் ஒரே உடை. இரண்டும் கவனமாக இருப்பதுபோலவே தோன்றும். நாம் கண்ட வேறுபாடு இரண்டு. பேணுதலாக இருப்பவனுக்கு விடை கிடைத்தால் எழுந்து போய்விடுவான். வஸ்வாஸ் பிடித்தவன் விடையையும் கழுவிப் பார்ப்பான். இது முதலாவது. இரண்டாவது இதனினும் கடுமையானது. பேணுதலின் செலவைப் பேணுகிறவனே கொடுக்கிறான். வஸ்வாஸோ தன் செலவைப் பிறர் தலையில் எழுதுகிறது. ஹவ்ளில் நமக்குப் பின்னால் நின்ற சிறுவர்கள் தந்தார்கள். இங்கே ஒரு தாய் நான்கு மாதமாகத் தந்துகொண்டிருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் தூய்மையைப் பற்றிப் பேசுமிடத்தில், முன்னோர் உள்ளத்தின் தூய்மையில் கடுமையாகவும் புறத்தூய்மையில் எளிதாகவும் இருந்தனர் என்றும், உமர் (ரழி) அவர்கள் ஒரு கிறிஸ்தவப் பெண்மணியின் குடத்து நீரிலேயே ஒளுச் செய்தார்கள் என்றும் நினைவூட்டி, பின்வந்தோரிடம் இது தலைகீழாயிற்றே என்று வருந்துகிறார்கள்.

குற்றவாளியைத் தேடும் இந்தக் குணம் பெரிய அறிஞரையும் விடுவதில்லை. இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில், விண்மீன் ஒன்று தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் கணத்தை, கடிகாரத்தின் டிக் டிக் ஒலியைக் காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் பார்த்துக் குறிப்பார்கள். அரசவை வானியலாளர் மாஸ்கலின் குறித்ததற்கும், அவருடைய உதவியாளர் கின்னிபுரூக் குறித்ததற்கும் வேறுபாடு வந்தது. எச்சரித்தும் குறையாமல் விநாடியில் பத்தில் எட்டுப் பங்கு வரை வளர்ந்தது. உதவியாளர் கவனமற்றவர் என்று முடிவுகட்டி, 1796-இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார் மாஸ்கலின். கால் நூற்றாண்டுக்குப் பின்னர் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் இந்தப் பழைய குறிப்பைப் படித்துவிட்டு, தேர்ந்த வானியலாளர்களையே ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த இருவரும் ஒத்துவரவில்லை! கண்ணும் காதும் ஒன்றுசேர எடுக்கும் நேரம் மனிதருக்கு மனிதர் வேறு. அதன்பின் அந்த வேறுபாட்டைக் கணக்கில் சேர்த்துக் கழிக்கக் கற்றுக்கொண்டனர். ஆனால் கின்னிபுரூக்குக்கு வேலை போனது போனதுதான். மாஸ்கலினின் அளவையில் பிழை இருந்ததாக நாம் நினைக்கவில்லை. வேறுபாடு இருந்தால் யாரோ ஒருவர் குற்றவாளியாக இருந்தே ஆகவேண்டும் என்று அவர் எண்ணினாரே, அங்கேதான் அநீதி புகுந்தது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தந்தை எழுந்து போய், பட்டறைப் பையிலிருந்து ஓர் இரும்புக் கருவியை எடுத்துவந்து நம் முன் வைத்தார். குதிரை லாடம்போல வாய்பிளந்த அதனைப் பட்டறைகளில் ஸ்னாப் கேஜ் என்கின்றனர். ஒரு வாயில் 'கோ'. மற்றொன்றில் 'நோ கோ'. கடைந்த ஷாஃப்ட் முதல் வாயில் நுழைய வேண்டும்; இரண்டாவதில் நுழையக் கூடாது. அவ்வளவுதான் சோதனை. எவ்வளவு குறைவு, எவ்வளவு கூடுதல் என்று அது சொல்வதே இல்லை.

1949-இல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையும் 1964-இல் தொழிற்பேட்டையும் தோன்றிய அம்பத்தூரும், 1965-இல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளிவந்த ஆவடியும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரானை எண்ணிப் பிழைத்த ஊர்கள். அந்த மண்ணில் முப்பது ஆண்டு கடைந்தவர் சொன்னார்: "ஹஜ்ரத், சரியாக இருபத்தைந்து மில்லிமீட்டர் என்று ஒரு ஷாஃப்டைக்கூட என் வாழ்நாளில் நான் கடைந்ததில்லை. யாரும் கடைந்ததில்லை. டிராயிங்கிலேயே டாலரன்ஸ் போட்டிருப்பார்கள், இருபது மைக்ரான் குறையலாம் என்று. அதற்குள் இருந்தால் நல்ல சரக்கு. புதிதாக வேலைக்கு வரும் பையன் கையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்தால், ஒரே ஷாஃப்டைப் பத்துத் தடவை அளந்து பத்து அளவு சொல்லிப் பயந்துபோவான். அதனால் முதலில் கேஜைத்தான் கொடுப்போம்."

மகனிடம் இதுவரை அவர் இதைச் சொல்லவில்லையாம். கணினி வேறு, லேத் வேறு என்று எண்ணியிருந்தார்.

மகன் அந்த இரும்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பு அவனே தனக்கொரு கேஜ் வகுத்தான். இரண்டு மணி நேரம் விளையாடும்போது படம் கண்ணுக்குத் தெரியும்படி நிற்குமானால், அல்லது ஒலி காதுக்குத் தெரியும்படி அறுமானால், சோதிக்கும் நிரலைத் திறக்கலாம். இல்லையேல் திறக்கக் கூடாது. இதற்கு நாம் ஒன்றை மட்டும் சேர்த்தோம்: ஒன்பது மணிக்கு அம்மா பேசுவார்கள், அந்நேரம் நீயும் போய் மாமுவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு வந்து உட்கார்.

இரண்டு மாதங்கள் கழித்துப் பையன் தனியே வந்தான். "ஒரு தடவை கேஜில் நிற்கவில்லை, ஹஜ்ரத். சத்தம் விட்டுவிட்டு வந்தது. திறந்து பார்த்தேன். ஒலிக்கான டிரைவர் பழையது. மாற்றினேன், சரியாகிவிட்டது. மூடிவிட்டேன்" என்றான்.

நமக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மெய்யான குறையைக் கண்டதும் அவன் வாளாவிருக்கவில்லை. "அந்தச் சிவப்புக் கோடு இப்போதும் வருகிறதா?" என்று கேட்டோம்.

"தெரியாது, ஹஜ்ரத்" என்றான். சற்றுப் பொறுத்து, "பொய் சொல்லக் கூடாது. போன வாரம் ஒருநாள் சும்மா திறந்து பார்த்தேன்" என்றான்.

நாமும் அவனிடம் உண்மையைச் சொன்னோம். முந்தின இரவு படுத்த பிறகு, அடுப்படியில் காஸ் சிலிண்டரின் திருகு மூடியிருக்கிறதா என்று பார்க்க இருமுறை எழுந்து போனோம். நம் வீட்டார் இப்போதெல்லாம், நம் காதில் விழட்டும் என்று, அதைச் சற்று ஓசைப்படவே மூடுகிறார்கள். அப்படியும் எழுந்தோம். இரண்டு முறையும் அது மூடியே இருந்தது.